டென்வரில் முதல் குளிர்காலம்: லட்ச ரூபாய் ஸ்கீ பாஸ் தேவையா?

கேள்வி கேட்ட தம்பி மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறார். செப்டம்பரில் மனைவி, ஒன்பது வயது மகளோடு அமெரிக்காவின் டென்வருக்குப் போகிறார்; ப்ராஜெக்ட் இரண்டு வருடம். அங்கே ஏற்கனவே இருக்கும் நண்பர்கள், "இங்கே வந்துவிட்டு ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போகாமல் இருக்க முடியாது, செப்டம்பர் முதல் வாரத்தோடு பாஸ் விலை ஏறிவிடும், இப்போதே வாங்கிப் போடு" என்று நச்சரிக்கிறார்களாம். எபிக், ஐகான் என்று இரண்டு பாஸ், பல மலைகளுக்கு ஒரே அட்டை, தலைக்கு லட்ச ரூபாய் ஆகிறது. மூன்று பேருக்கு வாங்கலாமா, வாங்கினால் எது, கிறிஸ்துமஸுக்கு மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மாவை மலைக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் டென்வரில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது அண்ணாநகரில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் பதில். முதல் வருடம் உங்களுக்கும் மனைவிக்கும் பெரிய பாஸ் வேண்டாம். நாலைந்து நாளுக்கான சின்ன பாஸ் போதும். அதையும் டென்வரில் இறங்கி, வீடு பிடித்து, கார் வாங்கி, நவம்பரில் நிதானமாக வாங்கலாம். மகளுக்கு ஏறக்குறைய செலவில்லாமலேயே வழி இருக்கிறது. பெரிய பாஸைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அடுத்த மார்ச் மாதம்.

இந்தச் சங்கதி பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. ஸ்கீ மலையில் நாம் காசு கொடுப்பது மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கு. ஒரு நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், சறுக்கி இறங்கலாம். இந்த ஒரு நாள் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்காமல், பருவம் முழுவதற்கும், அதுவும் பல மலைகளுக்குச் சேர்த்து வாங்குவதுதான் இந்த பாஸ். வேல் ரிசார்ட்ஸ் கம்பெனி 2008-ல் எபிக் பாஸை 579 டாலருக்குக் கொண்டு வந்தது. போட்டியாக ஆல்டெரா என்ற கம்பெனி 2018-ல் ஐகான் பாஸை இறக்கியது. 2025-26 பருவத்துக்கு விற்பனை தொடங்கியபோது பெரியவர்களுக்கு எபிக் 1,051 டாலர், ஐகான் 1,329 டாலர். இரண்டிலும் கொஞ்சம் கட்டுப்பாடுகளோடு ஒரு மலிவு வகை உண்டு: எபிக் லோக்கல் 783, ஐகான் பேஸ் 909. இவை வருடா வருடம் மாறும். மார்ச்சில் விற்பனை தொடங்கும், மே கடைசி, செப்டம்பர், அக்டோபர் என்று படிப்படியாக ஏறும், டிசம்பர் முதல் வாரங்களில் கடையை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிறவருக்கு ஒரு நாள் டிக்கெட்தான் கதி.

ஏன் பனி விழுவதற்கு முன்பே விற்கிறார்கள்? பனி நன்றாக விழுந்தால் கூட்டம் வரும், பொய்த்தால் வராது. அந்தக் கவலையை முன்கூட்டியே வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டால் கம்பெனிக்கு நிம்மதி. அதற்குக் கூலியாகத்தான் உங்களுக்கு விலை குறைகிறது. இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, நல்ல வியாபாரம்தான். ஆனால் வானிலை பொய்த்தால் நஷ்டம் யாருக்கு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இப்போது நண்பர்கள் சொல்லும் கணக்குக்கு வருவோம். "வேல் மலையில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது, நாலு நாள் போனால் பாஸ் காசு வந்துவிடும், மீதியெல்லாம் லாபம்" என்பார்கள். எண்கள் சரி. உச்ச நாட்களில் கவுன்ட்டர் விலை நிஜமாகவே அவ்வளவு. கணக்குதான் தப்பு. அந்தக் கவுன்ட்டர் விலையை விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் யாரும் கொடுப்பதில்லை. பாஸ் வாங்காமல் கடைசி நேரத்தில் வந்து நிற்கிறவருக்காகவும், பாஸ் மலிவாகத் தெரிவதற்காகவும் வைத்த விலை அது. அதோடு ஒப்பிட்டால் எந்த பாஸும் லாபமாகத்தான் தெரியும்.

நம் ஊர் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 2025-ல் வந்தபோது 3,000 ரூபாய், 200 தடவை. விருதுநகருக்கு அடிக்கடி காரில் போய் வருகிறவர் கப்பலூர் டோலை எப்படியும் தாண்டித்தான் ஆக வேண்டும். பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பயணம் நடக்கும், அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் உண்மையான மிச்சம். ஸ்கீ பாஸ் அப்படி இல்லை. அது இல்லாவிட்டால் நீங்கள் அந்த மலைக்கே போயிருக்க மாட்டீர்கள். போகாத பயணத்தின் கட்டணத்தை மிச்சம் பிடித்ததாக எழுதிக்கொள்ளக் கூடாது.

அதனால் டாலரை விட்டுவிட்டு சனிக்கிழமைகளை எண்ணுங்கள். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை. இருபது சனிக்கிழமை தேறும். இனி கழித்துக்கொண்டே வாருங்கள். நவம்பரில் மலையில் பாதிக்கு மேல் திறந்திருக்காது. இயந்திரத்தில் செய்த பனியை ஊற்றி ஒன்றிரண்டு தடங்களை மட்டும் விட்டிருப்பார்கள், அதில் கற்றுக்கொள்ள வருகிறவரும் பந்தயக்காரரும் ஒன்றாக இடித்துக்கொண்டு நிற்பார்கள். அது போகட்டும். டிசம்பர் கடைசியில் அப்பா அம்மா வருகிறார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. மகளை நிச்சயம் ஆட விடுவீர்கள், அதற்கு முந்தைய சனி ஒத்திகை. உங்கள் ப்ராஜெக்டில் மாதம் ஒரு வார இறுதி ரிலீஸ் இல்லாமல் இருக்காது. புதுப் பள்ளியில் முதல் குளிர்காலம் என்பதால் குழந்தைக்கு ஜலதோஷம், காய்ச்சல் வரிசையாக வரும், அதில் இரண்டு சனி. நல்ல பனிப்புயல் அடிக்கிற அன்று நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். இத்தனையும் போக ஏழெட்டு மிஞ்சினால் அதிகம். நண்பர்கள் இருபது நாள் போகிறோம் என்று சொன்னால், அவர்கள் கல்யாணமாகாதவர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எபிக் லோக்கலின் 783 டாலரை எட்டால் வகுத்தால் நாளுக்கு 98 டாலர். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த எட்டில் முதல் மூன்று நாள் பாஸுக்கு வேலையே இல்லை.

ஏனென்றால், முதல் நாள் நீங்கள் போய் நிற்கப்போவது மலை உச்சியில் இல்லை. அடிவாரத்தில், நம் வீட்டு மொட்டை மாடியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சரிவில். அங்கே மேலே ஏற்றிவிட நாற்காலி லிஃப்ட்கூட இருக்காது. மேஜிக் கார்ப்பெட் என்று ஒரு பெல்ட் ஓடும், விமான நிலையத்தில் பெட்டி வருமே அதே மாதிரி. காலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் பூட்ஸ் கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும், கணுக்காலை மடக்க முடியாது, நடப்பதற்கே பழக வேண்டும். பயிற்சியாளர் காலில் மாட்டிய ஸ்கீ பலகை இரண்டின் முனைகளையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வைக்கச் சொல்வார். குழந்தைகளிடம் "பீட்ஸா, பீட்ஸா" என்று கத்துவார்கள். பீட்ஸாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். உங்கள் மகள் மதியத்துக்குள் பிடித்துக்கொள்வாள். நாற்பதைத் தொடுகிற ஆணுக்குக் காலுக்கு முன்னால் மூளை பயப்படும், ஒரு நாள் கூட ஆகும்.

இந்த முதல் நாட்களுக்குப் பல மலைகள் புதியவர்களுக்கென்று ஒரு தொகுப்பு விற்கின்றன: வகுப்பு, வாடகை ஸ்கீ, அடிவார லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பெரும்பாலும் லிஃப்ட் டிக்கெட் அதற்குள்ளேயே அடங்கிவிடும், அல்லது மிகக் குறைவாக இருக்கும். வகுப்பு இல்லாமல் நண்பன் சொல்லிக்கொடுப்பான் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நண்பன் உங்களை இரண்டாவது ரவுண்டிலேயே பெரிய லிஃப்டில் ஏற்றிவிடுவான், மேலிருந்து கீழே பார்த்ததும் நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள், அப்புறம் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ஸ்கீயிங் ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று ஆகிவிடும். கணவன் மனைவியில் யாராவது ஒருவர் முதல் நாளிலேயே இப்படிக் கழன்றுகொள்வது நம் ஆட்களிடம் சகஜம். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து முன்கூட்டியே பாஸ் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் விட்டுவிட்டால் அந்தப் பாஸை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அட்டைக்குள் உங்கள் போட்டோ இருக்கும், லிஃப்ட் வாசலில் ஸ்கேன் ஆகும்போது திரையில் முகம் தெரியும். மாட்டினால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆக, மிஞ்சுவது ஐந்து நாள். 783-ஐ ஐந்தால் வகுத்தால் 157. இங்கேதான் சின்ன பாஸ் வருகிறது. எபிக் டே பாஸ் என்று 1 முதல் 7 நாள் வரை நீங்களே எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். ஐகானில் செஷன் பாஸ் என்று 2, 3, 4 நாளுக்கு. கவுன்ட்டர் விலையில் பாதிக்கும் கீழேதான் ஒரு நாள் விழும். எபிக் டே பாஸில் வேல், பீவர் கிரீக் மாதிரி பெரிய பெயர்களை விட்டுவிட்டால் இன்னும் மலிவான அடுக்கு உண்டு. புதியவருக்கு அந்தப் பெரிய பெயர்கள் தேவையே இல்லை. பண்டிகை நாட்களையும் சேர்த்து வாங்குவதா, விட்டு வாங்குவதா என்று வாங்கும்போது ஒரு கேள்வி வரும். கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி நடுவில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதி போன்றவைதான் அந்த விலக்கு நாட்கள். நீங்கள் விட்டே வாங்குங்கள். அந்த நாட்களில் லிஃப்ட் வரிசையைப் பார்த்தால் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையத்தில் நின்றவர்களுக்கே மலைப்பாக இருக்கும்.

இன்னொரு விஷயம், உங்களை நச்சரிக்கும் அந்த நண்பர்களிடமே கேளுங்கள். 2025-26 முதல் எபிக் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நண்பர்களை அழைத்துவரப் பாதி விலை டிக்கெட்டுகள் சில கிடைக்கின்றன. ஐகானிலும் தள்ளுபடி உண்டு, இவ்வளவு தாராளம் இல்லை. அவர்கள் கையில் அது சும்மா கிடக்கும். "பாஸ் வாங்கு" என்று சொல்கிறவர் அந்த டிக்கெட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

பாஸைத் தாண்டிய செலவுதான் நம் ஆட்கள் கணக்கில் எடுக்காதது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை மலை அடிவாரக் கடையில் எடுத்தால் கை சுடும். டென்வரிலேயே பருவம் முழுவதற்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில், குறிப்பாகக் குழந்தைக்கு, மிக மலிவு. பார்க்கிங் பல இடங்களில் காசு. கீஸ்டோனில் இலவசமாக நிறுத்த இடம் உண்டு. சாப்பாடு மலையில் யானை விலை. எபிக்கில் பாஸ் வைத்திருந்தால், டே பாஸாகவே இருந்தாலும், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு என்றாலும், நான் புளியோதரையைத்தான் பரிந்துரைப்பேன். மலை அடிவாரத்தில் இருக்கும் கூடத்தில் நாம் கொண்டுபோனதைச் சாப்பிட இடம் இருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டிபன் பாக்ஸைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மதியம் வந்து திறந்தால் தயிர்சாதம் கரண்டி இறங்காத கட்டியாக இருக்கும்.

அதற்குமேல் கார். டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில், மோரிசன் முதல் டாட்சீரோ வரை, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டயர் சட்டம் அமலில் இருக்கும். டயரில் குறைந்தது 3/16 அங்குல ஆழம் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்காத கார் என்றால் பனிக்கேற்ற டயரோ, கையோடு சங்கிலியோ இருக்க வேண்டும். போனதும் செகண்ட்ஹேண்ட் கார் வாங்குவீர்கள் அல்லவா, அப்போதே இதைப் பார்த்து வாங்குங்கள். பாஸ் விலையை விட முக்கியமான முடிவு அது.

இவ்வளவு சொன்னதால் பாஸே வீண் என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அது எந்த வகுத்தல் கணக்கிலும் வராது. பாஸ் கையில் இருந்தால் அரை நாளுக்கும் போகலாம். ஒரு நாள் டிக்கெட்டுக்குப் பெரிய தொகை கொடுத்தவர் காலை எட்டரைக்கு முதல் லிஃப்டில் ஏறி, மாலை நாலுக்குக் கடைசி லிஃப்ட் நிற்கும்வரை, கால் கெஞ்சினாலும் விட மாட்டார். களைத்த காலோடு சறுக்கினால் அடிபடும் வாய்ப்பும் கூடும். பாஸ்காரர் பதினொன்றரைக்குக் குழந்தை சிணுங்கினால், "சரி, போதும், கிளம்பலாம்" என்று சொல்லிவிடலாம். மதியமே கிளம்பினால் திரும்பும் வழியில் போக்குவரத்தும் இருக்காது. மூன்று மணிக்கு மேல் கிளம்பினால் ஒன்றரை மணி நேரப் பாதை மூன்று மணி நேரம் இழுக்கும். சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த "போதும், கிளம்பலாம்" சொல்லும் சுதந்திரம்தான் பாஸ் தரும் உண்மையான லாபம். ஓரளவு சறுக்கத் தெரிந்த இரண்டாம் வருடத்தில் இது உங்களுக்குப் பயன்படும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "காசு கொடுத்தாச்சே" என்று, போக மனமில்லாத சனிக்கிழமையிலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தையை எழுப்பிக் கிளப்புகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எபிக்கா ஐகானா. எத்தனை நாடு, எத்தனை மலை என்று விளம்பரத்தில் பெரிய பட்டியல் போடுவார்கள். கனடாவின் விஸ்லர் எபிக்கில், சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் ஐகானில், ஜப்பானில் இரண்டுக்கும் இடங்கள் உண்டு. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். உங்கள் விசாவில் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது ஸ்டாம்பிங் இருக்கிறதா, பேப்பர் சரியா என்று தலைவலி. அப்படியே லீவு கிடைத்தாலும் நீங்கள் டிக்கெட் போடப்போவது மதுரைக்குத்தான். டென்வரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலைகளை மட்டும் எண்ணுங்கள்.

எபிக்கில் அப்படி எட்டக்கூடியவை கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், வேல், பீவர் கிரீக். நான்குக்கும் ஐ-70-ல் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். 3,400 மீட்டர் உயரத்தில் மலையைக் குடைந்து போட்ட அந்தச் சுரங்கத்தின் வாசலில்தான் ஞாயிறு மாலை ஊரே நிற்கும். ஐகானில் வின்டர் பார்க், காப்பர் மவுன்டன், அரபஹோ பேசின், எல்டோரா. இதில் காப்பரும் அரபஹோவும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். வின்டர் பார்க்குக்குச் சுரங்கம் வரை போக வேண்டாம், முன்னாலேயே எம்பயரில் பிரிந்து பெர்த்தவுட் கணவாய் வழியாக ஏறலாம். வளைவுகள் கொடைக்கானல் காட் ரோடு மாதிரி இருக்கும், பனியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வின்டர் பார்க்குக்கு இன்னொரு வசதி: டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து குளிர்காலத்தில் ஆம்ட்ராக் ரயில் விடுகிறார்கள், மலை அடிவாரத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். எல்டோரா சின்ன மலை, காற்று அடிக்கும், ஆனால் போல்டரிலிருந்து டவுன் பஸ்ஸே போகிறது, ஐ-70 பக்கமே போக வேண்டியதில்லை.

ஆகவே வீடு எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். புரூம்ஃபீல்ட், போல்டர் பக்கம் என்றால் எல்டோராவுக்காகவே ஐகான் பக்கம் தராசு சாயும். லோன் ட்ரீ, ஹைலாண்ட்ஸ் ராஞ்ச் மாதிரி தெற்குப் பக்கம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது கூட வருகிற நண்பர்களிடம் எந்த பாஸ் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். ஒரே காரில் போவதும், குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதும், மலைகளின் தரவரிசையை விடப் பெரிய விஷயம். புதியவருக்கு மலை என்று பார்த்தால் எனக்குக் கீஸ்டோன் பிடிக்கும். அங்கே ஸ்கூல்மார்ம் என்று உச்சியிலிருந்து அடிவாரம் வரை மூன்று மைலுக்கு மேல் ஓடும் ஒரு பச்சைத் தடம் இருக்கிறது. (தடங்களில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம்.) புதிதாகக் கற்றவரும் பெரிய மலையில் முழு நீளம் இறங்கிவந்த திருப்தியோடு வரலாம். எபிக்கில் கீஸ்டோனையே பிரதானமாக வைத்து, பிரெக்கன்ரிட்ஜில் சில நாள் சேர்த்து, கீஸ்டோன் பிளஸ் என்று லோக்கலை விட மலிவான ஒரு பாஸும் விற்கிறார்கள். இரண்டாம் வருடம் முதலில் அதைப் பாருங்கள்.

எபிக், ஐகான் இரண்டிலும் இல்லாத லவ்லேண்ட் மலையையும் சொல்லிவிடுகிறேன். டென்வரிலிருந்து ஐம்பது சொச்சம் மைல், சுரங்கத்துக்கு இந்தப் பக்கமே, நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. ஆடம்பரம் இல்லை, ஹோட்டல் இல்லை, விலை நியாயம், புதியவர்களுக்கென்று தனியாகவே ஒரு அடிவாரம். உங்கள் முதல் வகுப்புகளை அங்கே வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனியோடும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஸ்கீயிங் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது வயது என்றால் மூன்றாவதோ நாலாவதோ படிப்பாள். கொலராடோ ஸ்கீ கன்ட்ரி என்ற மலைகளின் சங்கம் 3 முதல் 6-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாஸ்போர்ட் தருகிறது. சொற்பக் கட்டணத்தில் இருபதுக்குக் கிட்டத்தட்ட மலைகளில் ஒவ்வொன்றிலும் நாலு நாள். எபிக் தரப்பில் கொலராடோவாசிகளின் பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்டன் முதல் 5-ம் வகுப்பு வரை எபிக் ஸ்கூல்கிட்ஸ் என்ற இலவசத் திட்டம், கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், வேல், பீவர் கிரீக்கில் நாலு நாலு நாள். இதற்கு அங்கே வசிப்பதற்கான ஆதாரம் காட்ட வேண்டும், பதிவும் குளிர்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். வீட்டு வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, இந்த வருட விதிகள் என்ன என்று பார்த்துப் பதிந்துவிடுங்கள். அவளுக்கு யாராவது பெரிய பாஸ் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்பா அம்மா. அவர்கள் சறுக்க வேண்டாம், ஆனால் பனியைப் பார்க்க ஆசைப்படுவார்கள், பார்க்கத்தான் வேண்டும். பிரெக்கன்ரிட்ஜ் ஊருக்குள்ளிருந்து மலை அடிவாரத்துக்கு மூடிய கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி) ஒன்று போகிறது. அதற்கு டிக்கெட்டே கிடையாது, யாரும் ஏறலாம். நீங்கள் சறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் அதில் ஏறி மேலே வந்து, கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பேத்தியைப் பார்க்கலாம். கவலை வேறு இடத்தில். மதுரை நூற்றிச் சொச்சம் மீட்டரில் இருக்கிற ஊர். டென்வரே 1,600 மீட்டர். பிரெக்கன்ரிட்ஜ் ஊர் 2,926 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆனைமுடியை விட உயரத்தில் கடைத்தெரு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலே போகும் இம்பீரியல் லிஃப்ட் 3,900 மீட்டரைத் தாண்டும், வட அமெரிக்காவிலேயே உயரமான நாற்காலி லிஃப்ட் அது. விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு எதுவும் வரலாம். டென்வரில் நாலைந்து நாள் இருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், காலையில் போய் மாலையில் இறங்கிவிடுங்கள், இரவு அங்கே தங்க வேண்டாம். அப்பாவுக்கு பிரஷரோ இதயப் பிரச்சினையோ இருந்தால் மதுரையிலேயே டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் இருக்கும் வாரத்தைத் தவிர்த்துவிட்டு ஜனவரி முதல் வாரம் ஒரு செவ்வாய், புதனில் லீவு போட்டுப் போனால் கூட்டமும் இருக்காது.

ப்ராஜெக்ட் பாதியில் முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தால் பாஸ் காசு என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். 2020-ல் கொரோனாவால் மலைகள் மார்ச்சிலேயே மூடியபோது எழுந்த கூச்சலுக்கு அப்புறம் இரண்டு கம்பெனிகளும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. எபிக்கில் அடிபட்டது, நோய், குறிப்பிட்ட வகை வேலையிழப்பு ஆகியவற்றுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் காப்பு பாஸோடு சேர்ந்தே வரும். ஐகானில், ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத பாஸின் மதிப்பைக் குறிப்பிட்ட தேதிக்குள் கேட்டால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். வேலை போகாமல் கம்பெனியே உங்களை மதுரைக்குத் திருப்பி அழைத்தால் அது "வேலையிழப்பு" ஆகுமா என்பதை மட்டும் நிபந்தனையில் படித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிவிட்டவருக்கு அடுத்த வருடக் கடனால் என்ன பிரயோஜனம்? கூட்டமும் வேலைநிறுத்தமும் எதிலும் சேராது. 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை யூட்டாவின் பார்க் சிட்டியில் மலைப் பாதுகாப்பு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, விடுமுறைக்கு லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவர்கள் திறந்திருந்த சில தடங்களில் வரிசையில் நின்றார்கள். டென்வரில் இருக்கும் உங்களுக்கு ஒரு மலை சரியில்லை என்றால் பக்கத்து மலைக்குப் போகலாம் என்பது ஒரு ஆறுதல். பல மலை பாஸின் பலமும் அங்கேதான்.

இரண்டாம் வருடத்துக்கான முடிவு இப்படி இருக்கட்டும். மார்ச் மாதம், அந்த முதல் பருவம் முடிவதற்குள், நீங்களும் மனைவியும் வகுப்பு இல்லாமல் பச்சைத் தடத்தில் பயமின்றி இறங்குகிறீர்களா? சனிக்கிழமை அலாரம் அடிக்கும்போது எழுந்து போகிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் அப்போதே வாங்குங்கள். விலை அப்போதுதான் குறைவு, எபிக்கில் 49 டாலர் அட்வான்ஸ் கட்டிப் பிடித்துவைத்துவிட்டு மீதியைப் பிறகு கட்டலாம். ஒருவருக்கு மட்டும் ஆம் என்றால் ஒருவருக்கு மட்டும் வாங்குங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ப்ராஜெக்ட் நீட்டிப்பு பற்றிப் பேச்சு வந்திருந்தால் அது கையெழுத்தாகும்வரை பொறுத்திருங்கள். செப்டம்பருக்குத் தள்ளினால் சில பத்து டாலர் கூடும், அவ்வளவுதான்.

கடைசியாகத் துணிமணி. விளக்குத்தூண் பக்கம் போய் மூன்று பேருக்கும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். அவை டென்வர் தெருவுக்கு ஆகும், மலைக்கு ஆகாது. பனியில் விழுந்து எழும்போது பருத்தி நனைந்தால் காயவே காயாது, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர் பத்து மணிக்கே நடுங்க ஆரம்பிப்பார். உள்ளே உடம்போடு ஒட்டும் கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், மேலே தண்ணீர் புகாத பேண்ட்டும் ஜாக்கெட்டும், நல்ல கையுறை, கண்ணாடி. இதெல்லாம் அங்கேயே காஸ்ட்கோ மாதிரிப் பெரிய கடைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடைக்கும். குழந்தைக்குப் பழசே வாங்குங்கள், அடுத்த வருடம் அளவு பத்தாது.